கதவு, காசு, படி

சித்திரைத் திங்களிலே திருக்கழுக்குன்றத்தில் தேரோட்டம். ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன. மரமும் இரும்பும் சேர்ந்த அந்தப் பெரும்பாரம், மக்களின் தோள்வலியால் அசைந்து, ஆடி, வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து சேருகிறது. உள்ளே வீற்றிருக்கும் உருவத்துக்கு மருத்துவமனைக்குப் போகும் அவசரம் இல்லை, கடைக்குப் போகும் கவலை இல்லை, கால்வலியும் இல்லை. ஆயினும் அதற்கு ஊர்தி உண்டு. அதுவும் ஊரே கூடி இழுக்கும் ஊர்தி!

அதே ஊரின் பேருந்து நிலையத்திலே மற்றொரு காட்சி. செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டிய மூதாட்டி ஒருத்தி, வந்து நின்ற வண்டியின் முதற்படியைப் பார்க்கிறாள். தன் முழங்காலைப் பார்க்கிறாள். மீண்டும் படியைப் பார்க்கிறாள். படியோ உயரம், காலோ தளர்ச்சி, வண்டி நிற்பதோ சில நொடி. "ஏறும்மா, சீக்கிரம்!" என்று ஒரு குரல். அவள் கையூன்றி, மடிந்து, தவழ்ந்து ஏறுவதற்குள் பின்னால் நிற்போர் முகம் சுளிக்கின்றனர். சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞனோ, அவ்வாறு தவழ்ந்து ஏறவும் வழியின்றிச் சாலையோரத்திலேயே இருந்துவிடுகிறான்.

தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் கை, கிழவிக்குத் துணை நிற்க ஒரு கை இல்லையே என்று கூறிக் கண்ணீர் வடிப்பது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. கை கொடுப்பது கருணை. கை கொடுக்கத் தேவையில்லாதபடி வண்டியைச் செய்வது நீதி. கருணையின் வரலாறு நம் நாட்டிலே மிக நீளம். நீதியின் வரலாறோ நேற்றுத்தான் தொடங்கிற்று. அந்தச் சிறிய வரலாற்றைக் கல்பாக்கம் கடற்கரையிலே நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

பழைய நாளிலே பயணம் என்றால் கால்நடை. வசதி படைத்தவனுக்குப் பல்லக்கு. அதைச் சுமக்க நான்கு மனிதர். வழியெங்கும் சத்திரம், சாவடி, சுமைதாங்கிக் கல். இவற்றை எழுப்பியோரை நாம் இகழவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: சத்திரம் யாருக்குப் பயன்பட்டது? சத்திரம் வரை நடக்க முடிந்தவனுக்கு! முடியாதவனுக்கு வீட்டுத் திண்ணையே உலகம். திண்ணையும் அற்றவனுக்குக் கோயில் வாயில். முடவன், குருடன், கிழவன் என்ற மூவரும் நம் பழைய சமுதாயத்தின் கண்களிலே பயணிகள் அல்லர், பிச்சை ஏற்போர். "முற்பிறப்பின் பயன்" என்று ஒரு சொல்லிலே அவர்களுடைய கணக்கை முடித்து வைத்தது வைதீகம். முற்பிறப்பிலே குற்றம் கண்டுவிட்டால் இப்பிறப்பிலே வண்டி வாங்கித் தரும் செலவு மிச்சமல்லவா?

அடுத்து வந்தது வெள்ளையர் ஆட்சி. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. துணி வாணிகம் நடத்த வந்தவர்கள் விட்டுச்சென்ற செங்கற் சுவர்கள். அதற்கு மேற்கே ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அந்த நீர்வழி, பின்னர் தெற்கே நீண்டு, இந்தக் கரையைத் தொட்டு, மரக்காணம் வரை சென்றது. 1877-78 ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில், பசியால் வாடியவர்களைக் கூலிக்கு அமர்த்தி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதியை வெட்டினார்கள். அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குக் கிடைத்தது. வெட்டியவனுக்கு அன்றைய கூலி கிடைத்தது. உப்பும் விறகும் நெல்லும் அதிலே மிதந்து சென்றன.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. போக்குவரத்துக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது இன்று நேற்றுத் தோன்றிய 'சலுகை' அன்று. கால்வாய் பொதுப்பணம், சாலை பொதுப்பணம், பாலம் பொதுப்பணம், கலங்கரை விளக்கமும் பொதுப்பணம். சரக்குக்காகச் செலவிட்டபோது அதற்கு வளர்ச்சி என்று பெயர். மனிதனுக்காக, அதிலும் இயலாத மனிதனுக்காகச் செலவிடும்போதுதான், "இலவசமா?" என்று புருவம் நெரிகிறது!

பொதுச் சாலையும் பொது வண்டியும் வந்த பின்னர், அவற்றுக்கு மூன்று பூட்டுகள் இருந்தன. முதற்பூட்டு கதவிலே; இரண்டாம் பூட்டு காசிலே; மூன்றாம் பூட்டு படியிலே. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

* * *

முதற்பூட்டு, சாதிப் பூட்டு. 1924இல் வைக்கத்திலே நடந்த போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடப்பதற்காக! மாடு நடக்கலாம், மனிதன் நடக்கலாகாது என்றிருந்த தெரு அது. பெரியார் சிறை சென்றார், மக்கள் மனம் மாறிற்று, வழி பிறந்தது.

தெருவிலே நடக்கும் உரிமைக்கே இந்தப் பாடு என்றால், பேருந்திலே பக்கத்தில் அமர்ந்து செல்லும் உரிமையை எளிதில் தருவார்களா? தனியார் முதலாளிகள் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில், ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த வண்டிகள் உண்டு. காசு இருந்தது, இடம் இருந்தது, கால்களும் நன்றாக இருந்தன. ஆனால் கதவு மூடிக்கொண்டது. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார் இதற்கு ஒரு மருந்து கண்டார். ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணை பிறப்பித்தார். கெஞ்சவில்லை, அறிவுரை கூறவில்லை, "மனம் மாறுக" என்று காத்திருக்கவுமில்லை. உரிமம் வேண்டுமா, ஏற்று. ஏற்ற மாட்டாயா, ஓட்டாதே! அவ்வளவுதான். கதவுகள் திறந்தன.

அந்தச் சௌந்திரபாண்டியனார்தாம், 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 நாட்களில் இதே செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இந்த மண்ணுக்கு இது சிறிய பெருமை அன்று. பேருந்தின் கதவை ஆணையால் திறந்த கை, செங்கற்பட்டு மேடையிலே சமத்துவத்தின் கொடியைப் பிடித்த கையும்கூட.

அதே செங்கற்பட்டின் அருகே, திருமணியிலே, மற்றொரு பூட்டின் கதையும் உண்டு. தொழுநோயாளிகளுக்கென 1920களில் அங்கு ஒரு குடியிருப்பு அமைந்தது. 1955இல் அது மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. நோய் தீர்க்கும் அறிவு ஒருபுறம் அங்கே வளர, மறுபுறம் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் உயிரோடு இருந்தது. அரசு குறிப்பிடும் பகுதிகளிலே தொழுநோயாளி பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாகாது, வாடகைக்கு ஓடும் பொது வண்டியில் ஏறலாகாது என்று தடை விதிக்க அந்தச் சட்டம் இடம் தந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். நோயைத் தீர்க்க முடியும் என்று உலகம் அறிந்த பிறகும், நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் துடைத்தெறிய 2016 வரை காலம் பிடித்தது! விரல் மடங்கிய கை பயணச்சீட்டுக்கு நீண்டபோது விலகி அமர்ந்த பயணியின் மனத்திலே, சட்டம் மாண்ட பின்னரும் அது உயிர் வாழ்கிறதா இல்லையா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

* * *

இரண்டாம் பூட்டு, காசுப் பூட்டு. கதவு திறந்துவிட்டது; ஏறலாம். ஆனால் கையிலே காசு வேண்டுமே!

பேருந்து தனியார் உடைமையாய் இருந்தவரை, இலாபம் தரும் வழித்தடத்திலே வண்டிகள் போட்டியிடும். இலாபம் இல்லாத குப்பத்துக்கு வண்டி வராது. இதை மாற்றவே அரசுடைமை என்னும் கொள்கை எழுந்தது. சென்னை நகரிலே 1947இல் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது. 1967க்குப் பின் அமைந்த ஆட்சியில் நீண்டதொலைவு வழித்தடங்கள் அரசிடம் வந்தன. 1972இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்ற பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் தலைவர்களின் பெயர்களை முன்னிட்டுச் சாதிச் சண்டை மூண்டபோது, எல்லாப் பெயர்களையும் நீக்கி, அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரை இட்டார்கள். பெயர்ப்பலகை மாறியது, கடற்கரைக் குப்பங்களுக்கு வண்டி வருவது நிற்கவில்லை. அரசுடைமையின் பயன் அதுதான்.

இதே காலத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. மனிதனை மனிதன் இழுத்துச் செல்லும் கைரிக்சாவை 1970களின் தொடக்கத்திலே தமிழ்நாடு ஒழித்தது. ஒழித்ததோடு நில்லாமல், இழுத்தவர்களுக்கு மிதிவண்டி ரிக்சாக்களை அரசே இலவசமாக வழங்கிற்று. தடை மட்டும் போட்டிருந்தால் இழுத்தவன் பட்டினி கிடந்திருப்பான். பொதுப்பணம் துணை நின்றதால் தன்மானமும் பிழைத்தது, பிழைப்பும் பிழைத்தது. சட்டமும் பணமும் சேர்ந்து வந்தால்தான் சீர்திருத்தம் நிலைக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முதியோர் கையில் காசு ஏது? 1962 ஏப்ரல் முதல் நாள், சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டம் தொடங்கிற்று. 1974இல் உடல் ஊனமுற்ற ஆதரவற்றோருக்கும் அத்தகைய தொகை வந்தது. 2023 ஆகஸ்டில் முதியோர் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தது. நல்லதே. ஆனால் மருத்துவரைப் பார்க்க மாதம் சிலமுறை போய்வரும் முதியவர், அந்தத் தொகையிலே ஒரு பங்கைப் பயணத்துக்கே கொடுத்துவிட்டால், மிச்சம் மருந்துக்கா, சோற்றுக்கா?

2016 பிப்ரவரியில் சென்னை மாநகரப் பேருந்துகளில், 60 வயது நிறைந்தோர் மாதம் பத்து முறை கட்டணமின்றிப் பயணம் செய்ய வில்லைகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க திட்டம்! ஆனால் சென்னையில் குடியிருப்போருக்கு என்று ஒரு வேலி கட்டினர். முதுமை என்ன, மாநகர எல்லையைப் பார்த்தா வருகிறது? மயிலாப்பூரிலே வலிக்கும் முழங்கால்தானே உய்யாலிக்குப்பத்திலும் வலிக்கிறது?

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் அனைவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை பிறந்தது. அடுத்த மாதமே அந்த உரிமை திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் நீண்டது. "துணையாக வரும் ஒருவர்" என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். பார்வையற்றவனுக்கு இலவசம் என்று கூறி, அவனை அழைத்து வரும் தங்கைக்குக் கட்டணம் கேட்டால், தந்தது பாதி, பறித்தது பாதி. இங்கே முழுமையாகத் தந்தார்கள்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அரசு சலுகையை அறிவித்துவிட்டு, "நட்டத்தைக் கழகமே பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? பழைய வண்டி மாறாது; வழித்தடம் குறையும்; ஓட்டுநர் நடத்துநரின் ஓய்வூதியம் தேங்கும்; இறுதியில் இலவசப் பயணி ஏறுவதற்கு வண்டியே இராது. ஆகவேதான் 2021இல் 1,200 கோடி ரூபாயைக் கழகங்களுக்கு ஈடாக ஒதுக்கினர். 2025-26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது 3,600 கோடி ரூபாய். பெரும்பங்கு மகளிர் பயணத்துக்கே ஆனாலும், அந்தக் கணக்கிலே மாற்றுத்திறனாளியும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அவர் ஏறியதற்கு யாரும் நட்டப்படவில்லை. நாடு கட்டணம் கட்டிவிட்டது.

ஆயினும் இந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. அது சாதாரண நகரப் பேருந்துக்கு. ஊர்விட்டு ஊர் செல்லும் புறநகர் வண்டிக்கு அன்று. அங்கே மாற்றுத்திறனாளிக்கு முக்கால்பங்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆண் முதியவருக்கோ முழுக் கட்டணம். கடலிலே ஐம்பது ஆண்டு வலை வீசி, தோள் தளர்ந்த சதுரங்கப்பட்டினத்து மீனவப் பெரியவர், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டுக்குப் போக, சட்டைப்பையைத் தடவிப் பார்த்தே வண்டி ஏறவேண்டியிருக்கிறது.

"இப்படி அள்ளி இறைத்தால் கருவூலம் தாங்குமா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலே உங்கள் உந்துவண்டி வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்தச் சாலைக்கான நிலம் யாருடையது? அதை முதலில் போட்ட பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டும் அந்த மூதாட்டியின் பங்கும் அதிலே இருக்கிறதல்லவா? அவள் பணத்திலே நீங்கள் செல்லலாம். பொதுப்பணத்திலே அவள் செல்லலாகாதா?

சலுகை என்பது கொடுத்தவன் கையிலே இருக்கும் கயிறு, வேண்டும்போது இழுத்துக்கொள்வான். இந்திய இரயில்வே முதியோருக்குக் கட்டணத்தைக் குறைத்து வந்தது. ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் குறைவு. பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20 முதல் அதை நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்தது, தொடர்வண்டிகள் முழு அளவில் ஓடின, ஆண்டுகள் உருண்டன, சலுகையோ உடனே திரும்பி வரவில்லை. உரிமை என்று சட்டத்தில் எழுதியிருந்தால் இவ்வளவு எளிதாக எடுத்திருக்க முடியுமா? இங்கிலாந்திலே 2007இல் தனிச் சட்டம் இயற்றி, 2008 ஏப்ரல் முதல் நாடு முழுதும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நெரிசலற்ற நேரங்களில் உள்ளூர்ப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்ல வழி செய்தனர். எந்த ஊரில் வாழ்கிறாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

* * *

மூன்றாம் பூட்டு, படிப் பூட்டு. இதுதான் கொடியது, ஏனெனில் பூட்டு என்றே பலருக்குத் தெரியவில்லை!

சாதியைக் காட்டித் தடுத்தவனை நாம் கண்டோம், கண்டித்தோம். காசைக் காட்டித் தடுத்ததைக் கண்டோம், கருவூலத்தைத் திறந்தோம். ஆனால் படியோ பேசாது, இழிசொல் கூறாது, "நீ வராதே" என்று பலகை மாட்டாது. வெறும் இரும்புத் தகடு, சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்கும் தகடு, சக்கர நாற்காலியில் உள்ளவனுக்கு, ஆதிதிராவிடரை மறுத்த அந்நாளைய முதலாளியைப் போலவே கதவை அடைக்கிறது. "கட்டணம் இல்லை, ஏறிக்கொள்" என்று அரசு அழைக்கிறது, "ஏறு பார்க்கலாம்!" என்று படி நகைக்கிறது. ஏற முடியாத வண்டியில் இலவசப் பயணம். பல் இல்லாதவனுக்குப் பரிசாகக் கரும்பு!

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்காவின் டென்வர் நகரிலே 1978 சூலை 5ஆம் நாள், சக்கர நாற்காலிகளில் வந்த பத்தொன்பது பேர், நாற்சந்தியிலே பேருந்துகளின் முன்னும் பின்னும் வழிமறித்து அமர்ந்தனர். இரவு முழுதும் நகரவில்லை. "எங்களை ஏற்றாத வண்டி எவரையும் ஏற்றிச் செல்ல வேண்டாம்" என்பதே அவர்கள் செயலின் பொருள். அந்தப் பொறி பரவிற்று; 1990இல் அந்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெருஞ்சட்டம் வந்தது; பொதுப் பேருந்துக்கு வாங்கும் புதிய வண்டி சக்கர நாற்காலி ஏறக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதித்தது. இரக்கம் பிறந்து வந்த சட்டம் அன்று. தெருவிலே மறியல் செய்து பெற்ற சட்டம்!

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1995இல் ஒரு சட்டம். ஆனால் அதிலே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று தப்பிக்கும் சந்து வைத்தார்கள். 2007இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2016இல் புதிய உரிமைச் சட்டம். அதன் 41ஆம் பிரிவு, பேருந்து நிலையமும் வண்டியும் மாற்றுத்திறனாளி பயன்படுத்தத்தக்கனவாக இருக்கவேண்டும் என்கிறது. இடையிலே தமிழ்நாட்டரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொணர்ந்தது. சொல் உயர்ந்தது. படி தாழ்ந்ததா?

2022, 2023 ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றத்திலே இது வழக்காயிற்று. புதிதாக வாங்கும் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டுமா, 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கலாமா என்பது வாதம். சாலைகள் குண்டும் குழியும், மழை பெய்தால் வெள்ளம், ஆகவே எல்லாத் தடங்களிலும் தாழ்தள வண்டி ஓடாது என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. வாதத்தைப் பாருங்கள்! சாலை கெட்டிருக்கிறது, எனவே கால் இழந்தவன் வீட்டில் இருக்கட்டும்! சாலையைச் சீர்செய்வது அரசின் கடமை. செய்யாத கடமையைக் காரணமாகக் காட்டி, செய்யவேண்டிய மற்றொரு கடமையையும் தட்டிக் கழிப்பது எந்த நீதி?

வழக்கின் பயன் வீண்போகவில்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடவிடப்பட்டன. நிறுத்தத்திலே வண்டி ஒருபுறம் சாய்ந்து தாழ்கிறது, சாய்தளம் விரிகிறது, சக்கர நாற்காலி உருண்டு உள்ளே செல்கிறது. எவரும் எவரையும் தூக்கவில்லை. எவரும் எவருக்கும் நன்றி கூறவேண்டியதில்லை. இது ஒன்றும் மாயம் அன்று, பொறியியல். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், எளிதில் அணுகும் வசதி அறிவுரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சௌந்திரபாண்டியனார் அன்று கூறியதும் இதுதானே? அறிவுரை அன்று, ஆணை!

தனிமனிதருக்கு உதவி வழங்குவதையும் நாம் குறைத்துப் பேசவில்லை. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பெற்ற இளைஞர்கள் வேலைக்குப் போகின்றனர், மகிழ்கிறோம். ஆனால் ஸ்கூட்டர் ஓட்டும் கைவலிமை இல்லாதவர்? பார்வையற்றவர்? எண்பது வயது மூதாட்டி? ஒருவருக்கு ஒரு வண்டி தருவது உதவி. எல்லோரும் ஏறும் வண்டியிலே அவரும் ஏறுவது சமத்துவம். சமபந்தி போசனம் என்று நம் முன்னோர் போராடினரே, இது சமவண்டிப் பயணம்!

* * *

இனிக் கல்பாக்கத்துக்கு வருவோம். இங்கே தொடர்வண்டி நிலையம் இல்லை. புதுப்பட்டினத்தாருக்கும் சதுரங்கப்பட்டினத்தாருக்கும் பேருந்தே கால். ஆனால் இதே ஊரிலே அணுவைப் பிளக்கும் அறிவு குடியேறி அரைநூற்றாண்டுக்கு மேலாகிறது. 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையம் தோன்றிற்று. 1983 சூலையில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை உயிர்பெற்றது, 1985இல் இரண்டாவது. 2003இல், 500 மெகாவாட் ஈனுலைத் திட்டத்துக்கு 3,492 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் கிடைத்தது. அறிவியலுக்குச் செலவிட்ட பணத்தைக் கணக்குக் கேட்கும் மூடர் கூட்டம் அல்ல நாம். நாம் கேட்பது வேறு: அணுவைப் பிளக்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு படியைத் தாழ்த்தத் தெரியாதா?

இந்தக் கேள்வி இங்கே வெறும் வசதி பற்றியதன்று, உயிர் பற்றியது. 2004 டிசம்பர் 26 காலை, கடல் பொங்கி இந்தக் கரைக்குள் புகுந்தது. கல்பாக்கம் நகரியத்திலும் குப்பங்களிலும் உயிர்கள் மடிந்தன. ஓடியவர் பிழைக்கும் நாள் அது. ஓட முடியாதவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு அவசரகாலத் திட்டம் ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியரின் பொறுப்பிலே ஒத்திகையும் நடத்துகின்றனர். ஆபத்து நேர்ந்தால் மக்களை வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தவேண்டும். நல்ல திட்டம். அந்த வண்டியின் படி எவ்வளவு உயரம்? ஒத்திகையிலே சக்கர நாற்காலி ஏறிப் பார்த்ததா? படுக்கையில் கிடக்கும் முதியவர் எத்தனை வீட்டில் உள்ளார் என்ற பட்டியல் ஊராட்சியிலே உண்டா? இவற்றைக் கேட்பது பீதி கிளப்புவதன்று, பகுத்தறிவு. நாள்தோறும் ஏறப் பழகாத வண்டியிலே, ஆபத்து நாளில் மட்டும் எப்படி ஏறுவார்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்றே. மாநகரத்துக்கு வந்த தாழ்தள வண்டி மாவட்டத்துக்கும் வரவேண்டும். கல்பாக்கம், திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு என்ற மருத்துவமனைத் தடத்திலே முதலில் ஓடவேண்டும். அதற்கேற்ற நடைமேடை நிறுத்தங்களில் எழவேண்டும். சென்னை முதியவருக்குத் தந்தது சதுரங்கப்பட்டினத்து முதியவருக்கும் வேண்டும். கழகம் நொடியாதபடி அதற்கான ஈட்டை அரசு ஆண்டுதோறும் ஒதுக்கவேண்டும். குப்பத்துக் குடிசையிலிருந்து பேருந்துச் சாலை வரை வரவும் இயலாதோருக்கு, ஊராட்சி ஒன்றியம்தோறும் அழைத்தால் வரும் சிற்றுந்து ஒன்று வேண்டும். 2021 முதல் மருத்துவம் மக்களைத் தேடி வருகிறதே, வண்டியும் தேடி வரட்டுமே!

தோழர்களே! பெரியாரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்வோர் ஒன்றை மறக்கலாகாது. தொண்ணூற்று நான்காம் வயதிலும், தாமாக எழுந்து நடக்க இயலாத உடலோடு, தோழர்கள் தாங்கிப் பிடிக்க, வேனில் ஏறி ஊர் ஊராகச் சென்றார் அவர். 1973 டிசம்பர் 19ஆம் நாள் தியாகராயநகரிலே பேசினார். ஐந்து நாளில் மறைந்தார். அந்த வேனும் அந்தத் தோள்களும் இல்லாதிருந்தால், அந்த இறுதிப் பேச்சு நாட்டுக்குக் கிடைத்திருக்குமா? வீட்டுத் திண்ணைகளிலே இன்று முடங்கிக் கிடக்கும் முதியோர் எத்தனை பேர், நாட்டுக்குச் சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமலே இருக்கின்றனர்!

அடுத்த கிராமசபை கூடும் நாளுக்கு முன்னால், ஒரு வேலை செய்யுங்கள். தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நிறுத்தத்துக்குப் போங்கள். வந்து நிற்கும் வண்டியின் முதற்படி தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். எத்தனை முதியோர் ஏறினர், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றனர் என்று ஒரு வாரம் எண்ணுங்கள். அந்தக் கணக்கைக் கிராமசபையில் படியுங்கள், தீர்மானமாக்குங்கள், ஆட்சியருக்கு அனுப்புங்கள், விடை வரும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.

கதவைத் திறந்தோம், காசுப்பூட்டைப் பாதி உடைத்தோம். படி மட்டும் இன்னும் உயர்ந்தே நிற்கிறது. அதை அளக்கும் வேலையை நாளைக் காலையிலே தொடங்குங்கள்.